பெயர் வெட்டிய பாத்திரம்

சமையலறையில் பாத்திரம் ஒழிப்பது என்றால் பாத்திரத்தைத் தூக்கி எறிவது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிச்சக் குழம்பைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றி, சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலியான பானையைத் தேய்க்கப் போடுகிறோமே, அதற்குத்தான் ஒழித்துப் போடுவது என்று பெயர். உள்ளே இருப்பதற்கு முதலில் ஓர் இடம் பார்க்க வேண்டும். அதன் பிறகே பாத்திரம் கையை விட்டுப் போகும். வீடுகளை ஒழித்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் எனக்கு, இந்த வேலையின் சாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. பழைய பொருட்களைக் கழிக்க முடியாமல் தவிப்பவர்களை ஆசை பிடித்தவர்கள், சோம்பேறிகள், பிடிவாதக்காரர்கள் என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லக் கேட்கிறோம். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்களைத் தடுப்பது தீராத ஒரு கணக்கு. கொடுத்தவரோடு, செத்துப்போனவரோடு, செலவழித்த பணத்தோடு, வரப்போகும் கஷ்டகாலத்தோடு அவர்களுக்கு இருக்கும் கணக்கு அந்தப் பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது தீர்ந்தால் பொருளை அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். தீராதவரை லாரி வைத்து அள்ளிப் போனாலும் மனத்தை விட்டு அது போவதில்லை.

எங்களைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தேதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள். மேற்கு மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ நாற்பது வருடம் குடியிருந்த தனி வீட்டை பில்டரிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டி முடிக்கும்வரை வாடகை வீடு, அப்புறம் அதே மனையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பத்து நாள் லீவில் வந்திருப்பார்கள். பரணைத் திறந்தால் ஈயம் போன பித்தளை அண்டா, தவலை, ஒரு சக்கரம் இல்லாத நடைவண்டி, ஓடாத மிக்ஸி, கட்டுக்கட்டாக மடித்து வைத்த தாம்பூலப் பைகள், டிரங்குப் பெட்டியில் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகள். பல வீடுகளில் 2006-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த கலர் டிவியும், 2011-க்குப் பிறகு வந்த இலவச கிரைண்டரும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். இவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று வெளியாள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த ஐந்து நிமிடத் தெளிவில்தான் எல்லாத் தகராறும் தொடங்குகிறது. மகனுக்குத் தெளிவாகத் தெரிவது அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பதைவிட, அம்மாவின் கண்ணுக்குத் தெரிவது மகனுக்குத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும்.

பரணிலிருந்து இறங்கும் ஓர் எவர்சில்வர் குடத்தை எடுத்துக்கொள்வோம். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்துகள் இருக்கும். பாத்திரக் கடையிலேயே மெஷின் வைத்துப் பெயர் வெட்டிக் கொடுத்தது. அதற்கு முந்தைய பித்தளையில் உளியால் தட்டிய எழுத்து, இன்னும் ஆழமாக. கொடுத்தவரின் இனிஷியல், பெயர், கூடவே ‘அன்பளிப்பு’ என்ற சொல், சிலவற்றில் கல்யாணத் தேதி. வெட்டியவர் அவசரத்தில் மேல்புள்ளியை விட்டிருந்தால் பெயரே கொஞ்சம் மாறியிருக்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். முப்பது வருடம் தேய்த்தும் மறையவில்லை. அந்தக் குடம் வீட்டுக்குள் வந்த அன்றே மொய் நோட்டில் ஒரு வரி விழுந்திருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தோமா, குறைத்துச் செய்தோமா, இடையில் பேச்சுவார்த்தை நின்றுபோனதா, கொடுத்த அத்தை படுக்கையில் கிடந்தபோது ஒரு நடை போய்ப் பார்த்தோமா என்பதெல்லாம் அந்த எழுத்தைப் பார்த்ததும் எழும்பி வருகிறது. ஒருவரின் உடைமைகள் அவருடைய ‘நான்’ என்பதன் நீட்சி என்று அமெரிக்க ஆய்வாளர் ரஸ்ஸல் பெல்க் 1988-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. நம் பரண்களைப் பார்த்தால் அதை ஒரு படி திருத்தலாம் என்று தோன்றுகிறது. இங்கே பாத்திரத்தில் பெரும்பாலும் வெட்டியிருப்பது வைத்திருப்பவரின் பெயர் அல்ல, கொடுத்தவரின் பெயர். அதைப் பழைய எஃகு என்று எடைக்குப் போடச் சொல்வது, பெயரோடு சேர்த்து ஒரு மனிதரை எடைக்குப் போடச் சொல்வதாக வைத்திருப்பவர் காதில் விழுகிறது. அவர் மறுப்பதில் என்ன தவறு?

கணக்கு என்று நான் சொல்வது வெறும் உவமை அல்ல. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் இதற்கு மனக்கணக்கு என்றே பெயர் வைத்தார். பணத்தை ஒரே குவியலாகப் பார்க்காமல், ஒவ்வொரு செலவுக்கும் மனம் தனித்தனி ஏடு திறக்கிறது, நஷ்டத்தில் ஓர் ஏட்டை மூட அதற்குப் பிடிப்பதில்லை என்பது அவர் காட்டியது. அதே ஆண்டில் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். நூறு டாலர் கொடுத்து ஒரு பனிச்சறுக்குப் பயணத்துக்கும், ஐம்பது டாலர் கொடுத்து இன்னொன்றுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டீர்கள், இரண்டும் ஒரே நாளில் வருகின்றன, ஐம்பது டாலர் பயணம்தான் அதிக மகிழ்ச்சி தரும் என்று உங்களுக்கே தெரியும், எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் நூறு டாலர் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்ட பணம் வீணாகக் கூடாது! துணி காயப்போடும் கொடியாகிவிட்ட ட்ரெட்மில் ஏன் வீட்டை விட்டுப் போவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அது வீட்டில் நிற்கும்வரை பணம் இன்னும் வீணாகவில்லை, நாளைக்கு நடக்கலாம். வெளியே போன நிமிடம் நஷ்டம் உறுதியாகிறது. 1990-இல் தேலரும் டேனியல் கானிமனும் ஜாக் நெட்ஷும் வெளியிட்ட காபிக் கோப்பைச் சோதனை இன்னும் எளிமையானது. மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோப்பை கொடுத்து, விற்கச் சொன்னார்கள். கையில் கோப்பை உள்ளவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் தர நினைத்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கோப்பை அவர்களிடம் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முப்பது வருடம் கையில் இருந்த குடத்துக்கு எத்தனை மடங்கு என்று யோசித்துப் பார்க்கலாம்.

தீராத கணக்கோடு வாழ்வது சுகமாக இருந்தால் இந்தத் தொழிலுக்கே வேலையில்லை. அது சுகமாக இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் முப்பது குடும்பங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. கேமராவைக் கையில் கொடுத்து அவரவர் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். அடைசல், செய்து முடிக்காத வேலை என்ற தொனியில் அதிகம் பேசிய பெண்களுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் பகல் ஏற ஏறக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. அடைசலையும் முடியாத வேலையையும் ஆய்வாளர்கள் ஒரே வகையாக எண்ணியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொருள் கண்ணில் படும்போதெல்லாம் ‘என்னை என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்கிறது. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்ணின் தலையில் இருக்கிறது. ஆகவே ‘இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்ற பெருந்தன்மையும் தீர்வாகாது.

எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் நல்லெண்ணம் உள்ள பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இதற்குச் சான்று குடிநோய் சிகிச்சையிலிருந்து வருகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவருடைய குழுவும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ அவ்வளவுக்கு சிகிச்சைக்கு வந்தவர் ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். வாதம் சரியானதுதான், விளைவு தலைகீழ். காரணம் எளிது. யாருக்குள்ளும் விடவேண்டும் என்ற குரலும் வேண்டாம் என்ற குரலும் சேர்ந்தே இருக்கின்றன. நாம் முதல் குரலைப் பிடுங்கிப் பேசிவிட்டால், அவருக்குப் பேச இரண்டாவதுதான் மிச்சம். இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் நல்ல கறி ராணுவத்துக்குப் போனதால், அமெரிக்கக் குடும்பங்களை ஈரல், இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க வைக்க வேண்டியிருந்தது. கர்ட் லெவின் என்ற உளவியலாளர் ஒரு பகுதி இல்லத்தரசிகளுக்கு அருமையான சொற்பொழிவு ஏற்பாடு செய்தார். இன்னொரு பகுதியினரைத் தங்களுக்குள் பேசித் தாங்களே முடிவெடுக்க விட்டார். சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேர் பிறகு சமைத்தார்கள். தாங்களே முடிவெடுத்தவர்களில் 32 பேர். இந்த இரண்டு எண்களையும் எந்தப் பரணிலும் ஏணி வைப்பதற்கு முன்னால் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. அதனால்தான் எங்கள் வேலையில் ‘இது எதற்கும்மா இன்னும்?’ என்று ஒருவரும் கேட்கக் கூடாது என்று விதி. ‘இது யார் கொடுத்தது?’ என்று கேட்கலாம். முதல் கேள்விக்கு அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்குச் சொல்ல ஆரம்பிக்கிறார். சொல்லச் சொல்லக் குழம்பு கிண்ணத்துக்கு மாறுகிறது.

பொருளைக் கௌரவமாக அனுப்புவது நமக்குப் புதிதும் அல்ல. தெருவில் ‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவி வந்தவரிடம் உடைந்த சாமானைப் போட்டு ஒரு கை பழம் வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பழைய புடவைக்குப் பாத்திரம் தருபவரிடம் பேரம் பேசி அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். கையிலிருந்து ஒன்று போனால் கைக்கு இன்னொன்று வந்தது, ஏடு நஷ்டத்தில் மூடவில்லை. நூல் புடவை கிழிந்தால் தொட்டிலானது, தொட்டில் நைந்தால் கந்தையாகி, கடைசியில் அடுப்படியில் பிடிதுணியானது. பொருள் படிப்படியாக இறங்கிப் போனதால், இன்றைக்கு எறிகிறேன் என்று ஒருநாளும் முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி உடைந்த சாமி படத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறார்களே, அதைக் காட்டிலும் நுட்பமான ஏற்பாட்டை எந்த நிபுணரும் கண்டுபிடிக்கவில்லை. சாமியோடு கணக்கை மரத்திடம் மாற்றிவிட்டு வீடு திரும்புகிறார்கள். போகியன்று எல்லோரும் எடுத்துச் சொல்லும் நன்னூல் சூத்திரம்கூட வீட்டுச் சாமானைப் பற்றியது அல்ல. பவணந்தி முனிவர் அங்கே பேசுவது மொழியைப் பற்றி, காலப்போக்கில் பழையவை வழக்கொழிவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகாது என்று. சொற்களை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. புழக்கம் தீர்ந்ததும் அவை விலகின. ஓடாத மிக்ஸிக்கும் பழைய போன் சார்ஜருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் இப்படி இறங்கிப் போகும் படிகள் இல்லை. இன்று வீடுகள் அடைந்து கிடப்பதில் குணக்கேட்டைவிட இந்த வழியடைப்புக்குப் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

படிகள் இல்லாத இடத்தில் படி கட்டுவதுதான் எங்கள் வேலை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் ஆண்டிறுதியில் மாணவர்களிடம் பழைய பொருட்களை நன்கொடையாகக் கேட்டார்கள். சில விடுதிகளில் வழக்கமான வேண்டுகோள். மற்றவற்றில், ஞாபகார்த்தப் பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்ற வேண்டுகோள். முதல் வகையில் 533 பொருட்கள் வந்தன, இரண்டாவதில் 613. பிரமாதமான வித்தியாசம் இல்லை என்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு வாக்கியத்தை மாற்றியதால் மட்டும் கிடைத்தது அது என்பதே. ஜப்பானின் மாரி கொண்டோ உலகப் புகழ் பெற்றதும் ஓரளவு இதனால்தான். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, மனம் துள்ளுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பு என்கிறார். அந்த நன்றியை நான் முழுமனதோடு ஏற்கிறேன், அது கணக்கை மூடும் சடங்கு. மனம் துள்ள வேண்டும் என்ற அளவுகோல்தான் நம் வீடுகளில் பொருந்த மறுக்கிறது. அத்தை கொடுத்த குடத்தைப் பார்த்து யாருக்கும் மகிழ்ச்சி பொங்குவதில்லை. பொங்குவது கடமை. கடமையை மகிழ்ச்சியின் தராசில் நிறுத்தால், குடத்தை வைத்திருப்பவர் குற்ற உணர்வோடு வைத்திருப்பார், அல்லது குற்ற உணர்வோடு அனுப்புவார்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது, லீவு பத்தே நாள் என்ற எதிர்ப்பு நியாயமானது. ஒவ்வொரு கரண்டிக்கும் கதை கேட்க முடியாதுதான். கேட்கவும் வேண்டாம், எல்லாப் பொருளிலும் கணக்கு இருப்பதில்லை. காலாவதியான மருந்து, எழுதாத பேனா, எந்த போனுக்கும் சேராத சார்ஜர், தாம்பூலப் பை, பழைய செய்தித்தாள் இவற்றில் யார் பெயரும் வெட்டியிருக்காது. முதல் இரண்டு நாள் இவை மட்டும்தான். முடிவெடுக்கும் கை அதில் பழகுகிறது, எடுத்த முடிவால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று மனமும் பார்க்கிறது. அவசரக்காரர்கள் பெரும்பாலும் பரணிலும் பூஜை அறையிலும் போட்டோ ஆல்பத்திலும் தொடங்கி, முதல் நாளே அழுகையோடு நிறுத்திவிடுகிறார்கள். காகிதங்களை மட்டும் வேகமாகத் தள்ளவே கூடாது. மூலப்பத்திரமும் எல்ஐசி பாலிசியும் கரண்ட் பில் கட்டுக்கு நடுவில்தான் கிடக்கும், பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், நகல் என்று மாதக்கணக்கில் அலைச்சல். மற்றபடி, நேரத்தைத் தின்பது வாக்குவாதம்தான். ஒரே அண்டாவை மூன்று முறை இறக்கி மூன்று முறை ஏற்றும் வீடுகளில் பத்து நாள் எப்படிப் போகிறது என்பதை நாங்கள் நன்றாகவே பார்க்கிறோம்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்தவர்கள் சேர்த்து வைப்பது சிக்கனம், அதை நோயாக்குவது வசதிக்காரர்களின் பேச்சு என்பது. முதல் பாதியை நான் தலைவணங்கி ஒப்புக்கொள்கிறேன். என்றைக்காவது உதவும் என்பது, இல்லாமையை அனுபவித்தவர் தனக்குத்தானே எடுத்துக்கொண்ட இன்ஷூரன்ஸ். அதை ஏளனம் செய்கிறவர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. ஆனால் எந்த இன்ஷூரன்ஸும் தேவைப்படும்போது கைக்குக் கிடைக்க வேண்டும். வீட்டை ஒழிக்கும்போது மூன்று டேப், நான்கு ஸ்க்ரூடிரைவர், ஐந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று வெளியே வருவது வழக்கம். ஒவ்வொன்றும், முந்தையது எங்கே என்று தெரியாததால் வாங்கியது. சிக்கனத்துக்காகச் சேர்த்தது சிக்கனத்தையே கெடுத்திருக்கிறது. இதைச் சொற்பொழிவாகச் சொன்னால் மூன்று பேர்தான் கேட்பார்கள் என்பதால், நாங்கள் சொல்வதில்லை. ஒரே மாதிரிப் பொருட்களை வரிசையாக மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். எத்தனை போதும் என்பதை அவரே எண்ணிச் சொல்கிறார். ஒன்று அவரது பயத்துக்காகக் கூடுதலாக இருக்கட்டும், தவறில்லை.

அப்படியென்றால் நீங்கள் நயமாகப் பேசி, பிள்ளைகள் கேட்டதைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டால், அந்த ஆபத்து இருக்கிறது என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கூலி கொடுப்பவர் ஒருவர், பொருளுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். அதற்கு எனக்குத் தெரிந்த காப்பு ஒன்றே. ‘வைத்துக்கொள்கிறேன்’ என்ற பதிலும் வேலை முடிந்ததாகவே கணக்கில் சேர வேண்டும். கையில் எடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லி, யோசித்து, வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் அந்தக் கேள்வி அடங்கிவிட்டது. முடிவே இல்லாமல் பரணில் கிடந்ததற்கும் இதற்கும் இடம் ஒன்றானாலும் நிலை வேறு. இன்னொன்றும் உண்டு. அடுப்பையோ கட்டிலையோ கழிப்பறையையோ பயன்படுத்த முடியாத அளவுக்கு வீடு நிறைந்து, செய்தித்தாளைப் பிரிவதுகூட உயிர்போகும் வேதனையாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனி மனநோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. அங்கே எங்களைப் போன்றவர்கள் ஏணியை வைக்கவே கூடாது, மனநல மருத்துவரிடம்தான் அழைத்துப் போக வேண்டும். அப்படிப்பட்டவர் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்து ‘சர்ப்ரைஸ்’ கொடுக்கும் குடும்பங்கள், திரும்பி வருபவரின் நம்பிக்கையையும் சேர்த்துக் காலி செய்துவிடுகின்றன. வீடு பழையபடி நிறைவதற்கு அதிக காலம் ஆவதில்லை.

பெயர் வெட்டிய பாத்திரங்களை ஐந்தாறு நாள் கழித்து, கூடத்தில் பாயை விரித்து வரிசையாக வைக்கிறோம். வீட்டுக்காரர் ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார், பேரப்பிள்ளை போனில் படம் எடுக்கிறது, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு நோட்டில் ஏறுகிறது. சில பெயர்களுக்கு அங்கேயே ஒரு போன் போகிறது, பத்து வருடமாகப் பேசாதவர்களுக்குக்கூட. பெரிய அண்டாவும் தாம்பாளமும் கோயில் அன்னதானத்துக்குப் போகலாம், குடம் கொடுத்தவரின் பேத்திக்கே போகலாம், மிச்சம் பாத்திரக் கடையில் எடைக்குப் போய் அதற்கு ஈடாக ஒரு புதுக் குக்கர் வரலாம். எது எங்கே என்பதை அவர்தான் சொல்கிறார். எல்லாவற்றையும் அனுப்புகிறவர் அரிது. ஒரு டம்ளரோ, மூடி போட்ட சின்ன தூக்கோ தனியே ஒதுங்குகிறது. புது ஃப்ளாட்டில் அது லாஃப்டுக்குப் போவதில்லை. அடுப்பு மேடையில், பால் காய்ச்சும் பாத்திரத்துக்குப் பக்கத்தில், எழுத்து முன்பக்கம் தெரிகிற மாதிரி இருக்கிறது.